நான் வைத்த பெயர்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அமெரிக்க ராணுவத்தின் ஒரு படைப்பிரிவைப் பற்றியது. கூடவே, வாத்தியாராக நான் செய்த ஒரு தவறைப் பற்றியது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கடைசியில் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஒரு படம் போட்டான். ஹேக்சா ரிட்ஜ். 2016-ல் மெல் கிப்சன் எடுத்தது. டெஸ்மண்ட் டாஸ் என்று ஒரு சிப்பாய். துப்பாக்கியைத் தொடமாட்டேன், ஆனால் போருக்கு வருவேன், காயம்பட்டவர்களைக் காப்பாற்றுவேன் என்கிறார். முகாமில் எல்லோரும் அவரைக் கோழை என்று படாதபாடு படுத்துகிறார்கள். கடைசியில் ஒகினாவா தீவில் ஒரு செங்குத்துப் பாறையின் மேலிருந்து அத்தனை பேரைக் கயிறு கட்டி இறக்குகிறார்.

படம் முடிந்ததும் பேரன் கேட்டான். "தாத்தா, அவரைக் கோழைன்னு சொன்னவங்க எல்லாம் அப்புறம் ஸாரி கேட்டாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடப்போனவன் இரண்டு மாதமாக அதிலேயே கிடக்கிறேன்.

முப்பத்தோரு வருடம் சமூக அறிவியல் நடத்தியவன் நான். பசிபிக் போர் என்றால் என் வகுப்பில் மூன்று தேதிகள். 1941 டிசம்பர் 7, முத்துத் துறைமுகம். 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா. ஆகஸ்ட் 9, நாகசாகி. நடுவில் இருக்கும் மூன்று வருடம் எட்டு மாதத்தை "அமெரிக்கர்கள் தீவு தீவாகப் பிடித்து முன்னேறினார்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவேன். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்துத்தான் படிக்கிறேன்.

டாஸ் இருந்தது 77-வது காலாட்படை டிவிஷன். முதல் உலகப் போருக்காக 1917-ல் நியூயார்க் நகரத்து ஆட்களைச் சேர்த்து உருவாக்கியது. தோளில் குத்திக்கொள்ளும் சின்னம் சுதந்திர தேவி சிலை. 1918 அக்டோபரில் பிரான்சின் ஆர்கான் காட்டில் இதைச் சேர்ந்த சுமார் 550 பேர் ஜெர்மானியர்களிடம் சுற்றிவளைக்கப்பட்டு, சாப்பாடு இல்லாமல் நாள்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். உதவி வந்தபோது தம் காலால் நடந்து வெளியே வந்தவர்கள் 194 பேர். போர் முடிந்ததும் டிவிஷனைக் கலைத்துவிட்டார்கள்.

1942 மார்ச் 25 அன்று தென் கரோலினாவில் உள்ள ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். இந்த முறை வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர்கள். சிப்பாய்களின் சராசரி வயதே முப்பதைத் தாண்டியிருந்தது. சிப்பாய் என்றால் நமக்கு மனதில் வருவது பதினெட்டு, இருபது வயதுப் பையன். இவர்களோ கல்யாணம் ஆனவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஏதோ ஒரு வேலையில் பத்து வருடம் உட்கார்ந்து தொப்பை வைத்தவர்கள். "கிழட்டுப் பட்டாளம்" என்கிற மாதிரி ஒரு கேலிப் பெயர் அவர்களுக்கு. இந்தக் கிழடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். நானே அங்கே அதிகாரியாக இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இரண்டு வருடம் பயிற்சி. அரிசோனா பாலைவனத்தில், மேற்கு வர்ஜீனியா மலையில், பிறகு ஹவாய் காட்டில். 1944 ஜூலை 21-ல் முதல் சண்டை. குவாம் தீவு.

குவாம் அமெரிக்காவின் வசம் இருந்து, 1941 டிசம்பரில் ஜப்பான் பிடித்துக்கொண்ட இடம். அதை மீட்க மரைன் படையும் ராணுவமும் சேர்ந்து இறங்கின. அந்த நேரத்தில் இரண்டு தரப்புக்கும் ஆகாது. பக்கத்து சைபான் தீவில் ஒரு மாதத்துக்கு முன்புதான், ராணுவத்தின் 27-வது டிவிஷன் சரியாகச் சண்டை போடவில்லை என்று சொல்லி, மரைன் தளபதி ஹாலண்ட் ஸ்மித் அதன் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தார். அந்தக் கசப்பு ஆறும் முன்னே குவாம். ராணுவத்துக்காரன் என்றாலே மரைன்களுக்கு இளக்காரம். அதிலும் இவர்கள் வயதானவர்கள், ஒரு சண்டையும் பார்க்காதவர்கள்.

பவளப்பாறையைத் தாண்டிக் கரைவரை ஓடக்கூடிய நீர்நில வண்டிகள் மரைன்களிடம் இருந்தன. 77-வது டிவிஷனிடம் இல்லை. படகு பாறை வரைக்கும் கொண்டுவந்துவிடும். அங்கிருந்து இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தே கரையேறினார்கள். பிறகு தீவின் வடக்கு நோக்கிக் காட்டுக்குள் போனார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்த பரிகாடா என்ற ஊரைச் சண்டை போட்டுத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்து சாந்தா ரோசா மலை. ஆகஸ்ட் 10-ல் தீவு கைக்கு வந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதற்குள் மரைன்களே இவர்களை "77-வது மரைன் டிவிஷன்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மரைன் ஒருவர் ராணுவத்துக்காரனுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது. மூன்று வாரம் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், பெயரை மாற்றினார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது.

குவாம் முடிந்து ஓய்வுக்காக நியூ கலடோனியா தீவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். பாதி வழியில் உத்தரவு வந்தது. ஓய்வு கிடையாது, பிலிப்பைன்சில் லெய்டே தீவுக்குத் திரும்புங்கள். 1944 டிசம்பர் 7, முத்துத் துறைமுகத் தாக்குதலின் மூன்றாம் ஆண்டு நாள். அன்று ஓர்மோக் ஊருக்குத் தெற்கே, ஜப்பானியர்களின் பின்பக்கமாகப் போய் இறங்கினார்கள். தரையில் பெரிய எதிர்ப்பு இல்லை. அடி வானத்திலிருந்து வந்தது. தற்கொலை விமானங்கள் கப்பல்கள் மேல் வந்து மோதின.

அன்று போன கப்பல்களில் ஒன்று வார்ட். 1941 டிசம்பர் 7 காலையில், விமானங்கள் வருவதற்கு முன்பே, துறைமுக வாசலில் ஒரு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியைச் சுட்டு, அந்தப் போரில் அமெரிக்காவின் முதல் குண்டைப் போட்ட கப்பல் அது. சரியாக மூன்று வருடம் கழித்து அதே தேதியில் ஓர்மோக் வளைகுடாவில் பற்றி எரிந்தது. காப்பாற்ற முடியாது என்றானதும் ஓப்ரையன் என்ற இன்னொரு அமெரிக்கக் கப்பல் அதைச் சுட்டு மூழ்கடித்தது. ஓப்ரையனின் தலைவர் வில்லியம் அவுட்டர்பிரிட்ஜ். மூன்று வருடத்துக்கு முன் வார்ட் கப்பலுக்குத் தலைவராக இருந்து அந்த முதல் குண்டைப் போடச் சொன்னவரும் அவரேதான். இது மட்டும் அப்போதே தெரிந்திருந்தால் என் பத்தாம் வகுப்பில் ஒருத்தனும் தூங்கியிருக்க மாட்டான்.

டிசம்பர் 10-ல் ஓர்மோக் விழுந்தது. ஜப்பானியர்களுக்கு ஆளும் சாமானும் வந்து இறங்கிக்கொண்டிருந்த துறைமுகம் அதுதான். கிறிஸ்துமஸ் அன்று பலோம்பான் துறைமுகத்தையும் பிடித்தார்கள். லெய்டே முடிந்துவிட்டது என்று மேலிடம் அறிவித்த பிறகும் காட்டுக்குள் சண்டை ஓயவில்லை.

இனிச் சொல்லப்போவதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

1945 மார்ச் 26. ஒகினாவாவில் பெரும்படை இறங்குவதற்கு ஆறு நாள் முன்னதாக, அதற்கு மேற்கே இருக்கும் கெராமா தீவுகளைப் பிடிக்க 77-வது டிவிஷனை அனுப்பினார்கள். குகைகளுக்குள் ஒளித்து வைத்திருந்த 350-க்கும் மேற்பட்ட தற்கொலைப் படகுகள் சிக்கின. ராணுவக் கணக்கில் அது பெரிய வெற்றி. ஆனால் அந்தத் தீவுகளில் மக்களும் இருந்தார்கள். மீன் பிடிக்கிறவர்கள், காடு கழனி வைத்திருந்தவர்கள்.

அந்த மக்களிடம் வருடக்கணக்கில் ஒரே பெயரைச் சொல்லி வைத்திருந்தார்கள். வருகிறவன் மனுஷன் இல்லை, பேய், மிருகம். கையில் சிக்கினால் ஆண்களைச் சித்திரவதை செய்வான், பெண்களைக் கெடுப்பான். அதைவிடச் செத்துவிடுவது மேல். உயிர் பிழைத்தவர்கள் பலர், ஜப்பானிய ராணுவமே தங்கள் கையில் எறிகுண்டுகளைக் கொடுத்தது என்று பின்னாளில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

டோகாஷிகி தீவில் ஒரு ராத்திரி, 77-வது டிவிஷன் சிப்பாய்களுக்குத் தூரத்தில் வெடிச்சத்தமும் அலறலும் கேட்டன. விடிந்து போய்ப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பள்ளத்தாக்கில் 150-க்கும் மேற்பட்டவர்கள் செத்தும் சாகாமலும் கிடந்தார்கள். அதிகமும் ஊர் மக்கள். அப்பாக்களே தங்கள் பிள்ளைகளையும் பெண்டாட்டியையும் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுத் தாங்களும் சாக முயன்றிருந்தார்கள். ஒரே போர்வையின் கீழ் ஒரு அப்பா, இரண்டு குழந்தைகள், தாத்தா, பாட்டி.

சிப்பாய்கள் உயிர் இருந்தவர்களுக்குக் கட்டுப் போட்டார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். பேய் என்று சொல்லப்பட்டவன் சோறு கொடுப்பதை அந்த மக்கள் நம்ப முடியாமல் பார்த்தார்கள். தன் மகளைத் தன் கையாலேயே கொன்றிருந்த ஒரு முதியவர் அதைப் பார்த்துக் கதறி அழுதார். அமெரிக்க ராணுவம் பிறகு வெளியிட்ட ஒகினாவா போர் வரலாற்றிலேயே இது பதிவாகியிருக்கிறது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். கட்டுப் போட்ட அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேர் தாங்களும் அப்பாக்கள் என்பது திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

கெராமாவின் தீவுகளில் இப்படி நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். 2007-ல், இந்தச் சாவுகளில் ராணுவத்தின் பங்கைச் சொல்லும் வரிகளைப் பள்ளிப் பாடநூல்களில் மாற்றச் சொன்னது ஜப்பானின் கல்வி அமைச்சகம். ஒகினாவா மக்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு எதிர்த்தார்கள். ஒரு பாடப்புத்தக வரிக்காக ஒரு தீவே தெருவுக்கு வந்தது. நான் எத்தனை வரிகளை "தேர்வுக்கு வராது" என்று விட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

77-வது டிவிஷன்காரர்கள் எல்லாம் புத்தர்கள் என்று சொல்ல வரவில்லை. ஜப்பானியர்களைக் குறிக்க அமெரிக்கர்களிடமும் மட்டமான பெயர்கள் இருந்தன. ஏப்ரல் 16-ல் இறங்கிய இயே ஷிமா தீவில் ஊர் மக்களும், பெண்கள் உட்பட, படையோடு சேர்த்துச் சண்டைக்கு அனுப்பப்பட்டார்கள். யார் சிப்பாய், யார் ஊர்க்காரர் என்று பிரிக்க முடியாத ஐந்தாறு நாளில் இரண்டு வகையினரும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அங்கேதான் ஏப்ரல் 18-ல் எர்னி பைல் இறந்தார். தளபதிகளைப் பற்றி எழுதாமல் சாதாரணச் சிப்பாய்களின் பெயரையும் ஊரையும் எழுதி, அமெரிக்காவே வீட்டில் உட்கார்ந்து படித்த பத்திரிகையாளர். 305-வது ரெஜிமென்ட்டின் தளபதியோடு ஜீப்பில் போகும்போது இயந்திரத் துப்பாக்கி சுட்டது. எல்லோரும் பள்ளத்தில் குதித்தார்கள். பைல் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான். டிவிஷன் சிப்பாய்கள் அந்த இடத்தில் அவரைத் தங்கள் தோழன் என்று சொல்லி ஒரு பலகை வைத்தார்கள். நினைவுச் சின்னம் இன்றும் இருக்கிறது.

பிறகு ஒகினாவா. ஏப்ரல் கடைசியில் மாயேதா என்ற செங்குத்து மேட்டில், அதுவரை சண்டையிட்டுக் களைத்த 96-வது டிவிஷனுக்குப் பதிலாக இவர்கள் போனார்கள். படத்தில் வரும் பாறை இதுதான். மேலே ஏறிய 307-வது ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் சுமார் 800 பேர். ஒரு வாரம் கழித்து இறங்கி வந்தவர்கள் 324 பேர். டாஸ் இருந்தது இந்தப் பட்டாலியனில்தான். மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், ஜப்பானியர்களின் எதிர்த்தாக்குதலில் மற்றவர்கள் கீழே இறங்கிவிட, இவர் மட்டும் மேலேயே நின்று காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்கினார். ராணுவம் நூறு பேர் என்றது. அவர் ஐம்பதுக்கு மேல் இருக்காது என்றார். நடுவில் 75 என்று எழுதினார்கள். அக்டோபர் 12-ல் அதிபர் ட்ரூமன் கையால் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது.

படத்தில் அவர் பயிற்சி முகாமிலிருந்து நேரே ஒகினாவா போவதுபோலக் காட்டுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. குவாமிலும் லெய்டேவிலும் அதே வேலையைச் செய்து ஏற்கெனவே பதக்கங்கள் வாங்கியவர். கோழை என்று சொன்னவர்களின் மனம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. தீவு தீவாகத்தான் மாறியிருக்கிறது.

சரி, பேரனின் கேள்விக்கு வருகிறேன். ஸாரி கேட்டார்களா? 2004-ல் டாஸைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. அதில் அவருடைய பழைய கேப்டன் ஜாக் க்ளோவர் வருகிறார். டாஸைத் தன் கம்பெனியிலிருந்து வெளியே அனுப்ப முயன்றதையும், பின்னால் தன் உயிரையே அவர் காப்பாற்றியதையும் தானே சொல்கிறார். மன்னிப்பு என்ற சொல் முக்கியம் இல்லை என்று அப்போது தோன்றியது. ஒரு வயதான மனிதர், நான் நினைத்தது தப்பு என்று ஊரறியச் சொல்கிறார். அதுதான் பெரிது.

இப்போது என் கதை.

1994 என்று நினைவு. பள்ளியில் என்.சி.சி.யை நான்தான் பார்த்துக்கொண்டேன். காம்ப்டிக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவன், காக்கிச் சட்டை, கஞ்சி போட்ட விறைப்பு, மீசை. பத்து நாள் முகாமில் ஒரு நாள் துப்பாக்கி சுடும் பயிற்சி. பையன்கள் வருடம் முழுக்கக் காத்திருப்பதே அந்த ஐந்து குண்டுக்காகத்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் தன் முறை வந்ததும் நகரவில்லை.

"எனக்கு வேணாம் சார். நான் சுடல."

அதட்டினேன். "வேணாம் சார்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. மற்ற பள்ளி ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மானம் போயிற்று. எல்லார் முன்னாலும் "டேய் தொடைநடுங்கி, போய் பாத்திரம் கழுவுடா" என்றேன். நூறு பையன்கள் சிரித்தார்கள். அவன் போய்க் கழுவினான். மீதி இருந்த நாள் முழுக்க, முகம் சுளிக்காமல், அண்டா குண்டா எல்லாம் கழுவினான். முகாம் முடிந்ததும் பரேடுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டான். அவன் இருந்தவரை அந்தப் பெயரும் கூடவே இருந்தது.

மறந்தே போயிருந்தேன். போன வருடம் அந்தப் பையன்கள் சேர்ந்து ஒரு சந்திப்பு வைத்து என்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. பேச்சுவாக்கில் ஒருவன் சொன்னான், "சார், உங்க தொடைநடுங்கி மட்டும் வரல சார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உங்க" என்ற அந்தச் சொல் வீட்டுக்கு வந்த பிறகுதான் குத்தியது. முப்பது வருடத்தில் அவன் பெயரை மறந்துவிட்டார்கள், நான் வைத்த பெயரை மறக்கவில்லை.

இந்தப் படைப்பிரிவைப் பற்றிப் படிக்கப் படிக்க அவன் முகம்தான் வருகிறது. கிழடுகள் என்றார்கள், கோழை என்றார்கள், பேய்கள் என்றார்கள். எல்லாமே ஆளைப் பார்க்கும் முன்னே வைத்த பெயர்கள். மரைன்கள் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு மாற்றிக்கொண்டார்கள். க்ளோவர் மாற்றிக்கொண்டார். டோகாஷிகியில் அந்த முதியவருக்கு மாற்றிக்கொள்ள ஒரே ஒரு ராத்திரி போதவில்லை. அந்தத் துயரத்தோடு என் சின்னத் தவறை ஒப்பிடவில்லை, அது முறையும் இல்லை. ஆனால் டாஸைத் துன்புறுத்தியவர்கள்கூட அவர் ஏன் துப்பாக்கி தொடமாட்டேன் என்கிறார் என்று கேட்டிருந்தார்கள். அவரும் சொல்லியிருந்தார். நான் அதைக்கூடக் கேட்கவில்லை. "ஏன்டா தம்பி?" என்று ஒரு வார்த்தை. வாத்தியாராக இருந்து அதைக் கேட்காமல் விட்டேன்.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் வைத்த பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், அது என் குற்றம் என்பதால்.

தம்பி, யார் மூலமாகவாவது இது உன் கண்ணில் பட்டால் படி. அன்று நான் செய்தது தப்பு. மன்னித்துக்கொள். அன்று கேட்காத கேள்வியை இப்போது கேட்கிறேன், ஏன் சுடமாட்டேன் என்றாய்? பதில் சொல்லத்தான் வேண்டும் என்று இல்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வருடத்துப் பையன்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பில் அந்தப் பெயர் உங்கள் வாயில் வரக் கூடாது. வாத்தியார் சொல்கிறேன்.

பேரனிடம் போனில் க்ளோவர் கதையைச் சொன்னேன். என் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்.

"நீங்க ஸாரி கேட்டீங்களா தாத்தா?"

"இன்னைக்கு எழுதுறேன்டா" என்றேன்.